சாரத்தில் முடிந்த கறுப்பு வயர்

சண்டிலிப்பாய்
ஞாயிறு பின்னேரம்

அன்பு மகள் கோபிகாவுக்கு,

நீயும் மருமகனும் அந்தக் குளிர் நாட்டில் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று அம்மா கேட்டுக்கொள்கிறேன். செத்த வீட்டுத் துடக்கென்றபடியால் கோயிலுக்குப் போகவில்லை, கிணற்றடியில் நின்றே பிள்ளையாரைக் கும்பிடுகிறேன். இங்கே நலமென்று எழுதினால் பொய். சமைக்கிறோம், படுக்கிறோம், அவ்வளவுதான். காலையில் போனில் உனக்கும் ஒரு பொய் சொல்லிவிட்டேன். அதைத் திருப்பிச் சொல்ல வாய் வராது, அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பிரதீபா இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவாள்.

கொண்ணன், என் பிள்ளை சிவகரன் மோட்டார்சைக்கிளில் அடிபட்டுப் போய் இன்றைக்கு இருபத்துநாலாம் நாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகத்துக்கு அச்சுக்கூடத்தில் செவ்வாய்க்கு முதல் அவன் படம் கேட்கிறார்கள். அப்பா ஐடென்டிகாட் படத்தைக் கொடுப்போம் என்கிறார். அது பொலிசில் பிடிபட்டவன் மாதிரி வாயை இறுக்கிக்கொண்டு நிற்கிறது. எனக்கு வேண்டியது உன் கலியாணத்தில் வாழைக்குலைக்குப் பக்கத்தில் நின்று சிரித்த படம். அது அவனுடைய கொம்பியூட்டருக்குள் கிடக்கிறது, திரையிலோ எல்லாம் வீங்கிப் பெரிதாய் நிற்கிறது, அமத்துகிற பொத்தான் கீழே திரைக்கு வெளியே போய்விட்டது. முகத்தைத் திறந்தால் நெற்றியும் மூக்கும்தான், அதுவும் மங்கல். பிள்ளையின் முகமும் அழிந்துபோச்சென்று நான் குளறின குளறலில் முருகேசு அண்ணை வேலியால் எட்டிப் பார்த்தார்.

கொம்பியூட்டர் கடைக்காரன் வந்து பார்த்துவிட்டு, உது லினக்ஸ் அம்மா, உதோடை மினக்கெடேலாது, எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு விண்டோஸ் போட்டுத் தாறன் என்றான். அப்பாவும் ஓமென்றுவிட்டார். நாளைக்கு விடியத் தூக்கிக்கொண்டு போக வருகிறான், அழித்தால் படமும் போய்விடும். காலையில் போனில் நீ சொன்னபடி பிரதீபா செட்டிங்ஸில் தேடினாள், திரைக்கு இரண்டு சின்ன அளவுதான் இருந்ததாம். பிறகு பின்னுக்குக் குனிந்து பார்த்து, மாமி உது பழைய நீலத்தலை வயரெல்லே, ஊசியொண்டு முறிஞ்சு கிடக்கு என்றாள். ஊசி முறிந்த அந்த வயரால் திரை எவ்வளவு பெரிதென்று கொம்பியூட்டருக்குத் தெரியவராது, படத்துக்கு ஒன்றுமில்லை என்று நீ விளங்கப்படுத்தினாய். அண்ணையின்ரை கறுப்பு வயர் எங்கையம்மா என்று கேட்டாய். தெரியாது என்றேன்.

தெரியும் மகள். அவன் உடலை ஹோலில் வளர்த்திக் கிடத்த இடம் வேண்டுமென்று மேசையை ஒதுக்கினபோது வயர்களைப் பிடுங்கினது நான். எட்டாம் நாள் செலவுச் சடங்கு முடிய அந்த நீலத்தலையைக் கொழுவினதும் நான்தான். கறுப்பு வயரை அவனுடைய மணிக்கூடு, கண்ணாடியோடு சேர்த்து அவன் உடுத்த சாரத்தில் முடிந்து அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். அந்தியேட்டி முடியுமட்டும் உதை அவிட்டுப்போடாதை, சீவன் போகாமல் வீட்டைச் சுத்தும் என்று உன் மாமி இரத்தினம்மா சொல்லிவிட்டுப் போனா. புது வயர் வாங்குவோமென்று அப்பாவைக் கேட்டேன், உந்தப் பெட்டிக்கு இனி ஒரு சாமானும் என்ரை வீட்டுக்குள்ளை வரப்படாது என்று சத்தம் போட்டார். அவரைக் குறை சொல்லாதே. அன்றைக்கு மேசையிலிருந்து அந்தப் பெட்டியைத் தூக்கினவர் அவர், கதவு நிலையில் ஒருக்கால் இடிபட்டது. தான் இடித்துத்தான் பழுதாய்ப் போச்சென்று அதன் பக்கமே திரும்புகிறாரில்லை. வயர்தான் காரணமென்று எனக்கு இன்றைக்குக் காலையிலிருந்து தெரியும், அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கொடுத்த கையோடு சாரத்து முடிச்சை அவிழ்த்து அந்தக் கறுப்பு வயரைக் கொழுவப் போகிறேன். மாமிக்குச் சொல்லாதே. சீவன் சுற்றினால் சுற்றட்டும், வந்தால் தன் சிரித்த முகத்தையும் ஒருக்கால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு முள்ளும் தைக்காமல் பிள்ளையார் காப்பார். வெளியில் போகும்போது காதை மூடிக் கட்டு. இதை வாசித்தவுடன் முதலில் அப்பாவுக்குப் போன் எடுத்து, நீங்கள் இடிச்சதாலை இல்லையப்பா, அம்மா வயரை மாத்திக் கொழுவிப்போட்டா என்று சொல்லு. நீ படித்த பிள்ளை, நீ சொன்னால் நம்புவார்.

உன் அம்மா
பத்மாவதி