நான் முதலில் ஒட்டிய பொட்டு

செவ்வாய், இரவு

சட்டைக் காலர் ஏன் கோணலாகிறது என்று பேச எங்கள் தையல் குழு இன்று கூடியது. சார்ட்டில் காரணங்களை எழுதினோம். சரியென்று படுவதன் கீழே ஆளுக்கொரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்ட வேண்டும். சூப்பர்வைசரான நான் கடைசியில்தான் ஒட்ட வேண்டும். ஆனேக்கல் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் முதலிலேயே ஒட்டிவிட்டேன், ‘தைப்பவர் கவனக்குறைவு’ என்பதன் கீழே. எல்லோரும் அங்கேயே ஒட்டினார்கள்.

காலர் தைக்கும் செல்வி வந்தபோது பொட்டுப் பாக்கெட் காலி. தன் நெற்றிப் பொட்டை எடுத்து அங்கேயே ஒட்டினாள். பையை எடுத்துக்கொண்டே கேட்டேன்:

“துணிய வெட்டறதுலதான் தப்புன்னு நீதானே சொன்னே?”

“நீங்களே அங்க வெச்சிட்டீங்க. அப்புறம் நான் எங்கக்கா வெக்கிறது?”

அப்படியென்ன பொல்லாத பஸ்! உட்காரக்கூட இடமில்லை. சார்ட் இந்நேரம் மேனேஜர் மேஜையில் இருக்கும். அதில் எது முதல் பொட்டு என்று அவருக்குத் தெரியாது.