ஒலி சுருங்காது

3 ஆகஸ்ட் 2009

அக்காவின் கம்ப்யூட்டர் இன்று ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. ஆபீசில் கழித்துப்போட்ட பழைய பெட்டி, மெமரி மிகக் குறைவு. தசை தளரும் நோயில் ஜாஹ்னவி அக்காவுக்கு இப்போது அசைவது வலது ஆள்காட்டி விரல் மட்டும்தான். ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி 'பேசு' பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டர் அவளுக்காகப் பேசும். கம்ப்யூட்டரை இயக்கும் மூல மென்பொருளான கர்னலில் நான் சேர்த்த நிரல், சும்மா கிடக்கும் மெமரிப் பக்கங்களைச் சுருக்கி, மெமரியிலேயே ஒரு மூலையில் அடுக்கிவிடுகிறது. ஒரு பக்கத்தின் இடத்தில் மூன்று! இடுக்கு விடாமல் அடுக்குவதுதான் என் சாமர்த்தியம்.

இன்று முதலில் பேசியது: "காபி கண்றாவி, ஸுதர்சா." வாலாஜாபாத் பள்ளியில் தமிழ் நடத்தியவள். ஒற்றை விரலிலும் பிழை விடமாட்டாள்.

9 ஆகஸ்ட்

அம்மா கேட்டாள்: "ஏன்டா, புதுசா மெமரி வாங்கிப் போட்டா ஆகாதா?"

ஆகும். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். ஆனால் இந்தப் பெட்டியிலேயே ஓட்டிக் காட்டினால்தான் இணையத்தில் கர்னல் எழுதுபவர்களின் குழுவில் என் நிரலை மதிப்பார்கள். "பார்க்கலாம்மா" என்றேன்.

14 ஆகஸ்ட்

குழுவில் ஒருவர் மடல் போட்டிருக்கிறார். சுருக்கியதை வைக்க அந்த நேரத்தில் இடம் கிடைக்காவிட்டால்? கொஞ்சம் முன்கூட்டியே ஒதுக்கிவைக்க வேண்டாமா? — ஒதுக்கினால் நான் மிச்சம் பிடித்தது குறைந்துவிடும். சோதனையில் அப்படி ஒருபோதும் ஆனதில்லை என்று பதில் எழுதினேன். திமிராகத்தான்.

22 ஆகஸ்ட்

டாக்டர் வீட்டுக்கு வந்தார். மூச்சு விடும் தசைகளும் தளர்கின்றனவாம். தொண்டையில் துளையிட்டு மூச்சு மெஷினில் போட்டால் வருஷக்கணக்கில் இருக்கலாம், ஆனால் இப்படியே அசையாமல். வேண்டாமென்றால் கடைசிவரை வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம். "அவங்களே சொல்லட்டும்" என்றார்.

அக்கா தட்டினாள்: "யோசித்துச் சொல்கிறேன். எனக்காக யாரும் சொல்லாதீர்கள்."

25 ஆகஸ்ட்

எழுதித்தான் ஆக வேண்டும்.

அம்மா வரதர் கோயிலுக்குப் போயிருந்தாள். அக்காவைப் பார்த்துக்கொள்ளும் காந்தா என் அறைக்கு வந்தாள். "அக்கா தட்டிக்கினே இருக்காங்கண்ணா. என்னை அந்தாண்ட போவ சொல்லிட்டாங்க." பதிலைத்தான் எழுதுகிறாள் என்று தெரிந்தது. எட்டிப் பார்க்கக் கூடாதென்று உட்கார்ந்திருந்தேன்.

அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் 'பேசு' அழுத்தினாள். திரை வெளுத்தது. அழுத்தியவுடன் எழுதியதைத் துடைத்து அடுத்த வாக்கியத்துக்குத் தயாராகும்படி நான்தான் அமைத்திருந்தேன். குரல் வரவில்லை. மவுஸ் அசையவில்லை. காத்திருந்தோம். கடைசியில் நானே சுவிட்சை அணைத்தேன். எல்லாம் போச்சு.

"பரவாயில்லக்கா, சாயந்தரம் இன்னொரு தடவை..." என்றேன். என்ன மடத்தனம்! விரல் ஓய்ந்து கிடந்தது. வேண்டுமா வேண்டாமா என்று அப்போதே கேட்டிருக்கலாம். அவள் வார்த்தையிலேயே வரட்டும் என்று விட்டேன்.

சாயந்தரம் மூச்சு முட்டி நினைவு தப்பியது. ஆம்புலன்ஸ். ஆஸ்பத்திரியில் துளையிடக் கையெழுத்துக் கேட்டார்கள். "என் குழந்தைய நான் விடமாட்டேன்" என்று அம்மா போட்டாள். தனக்காக யாரும் சொல்லக் கூடாதென்று அக்கா தட்டியதை நான் ஞாபகப்படுத்தவில்லை.

27 ஆகஸ்ட்

துளையிட்டாயிற்று. பிழைத்துவிட்டாள். விரல் அசையவில்லை.

2 செப்டம்பர்

ஏன் நின்றது என்று தெரிந்துவிட்டது. எழுத்து நன்றாகச் சுருங்கும். ஒலி சுருங்காது. நான் வெறும் எழுத்தை வைத்தே சோதித்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். 'பேசு' அழுத்தியதும் தினம் பேசும் குட்டி வாக்கியம் போலல்லாமல், அந்த நீண்ட பதிலுக்கான ஒலி வந்து மெமரியை அடைத்தது. இடம் உண்டாக்க என் நிரல் மற்றதைச் சுருக்கப் பார்த்தது. சுருக்கியதை வைக்க இடமில்லை. இருந்த இடமும் துண்டு துண்டாகத்தான் இருந்தது, சேர்ந்தாற்போல் இல்லை. அந்த மனிதர் கேட்டதும் இதைத்தானே?

இடம் ஒதுக்கிவைத்தேன். இப்போது நிற்பதில்லை. யாருக்குப் பயன்?

19 செப்டம்பர்

குழுவில் என் நிரலை ஏற்றுக்கொண்டார்கள்.

4 அக்டோபர்

அக்கா வீட்டுக்கு வந்து ஒரு வாரம். ஆஸ்பத்திரியில் பழக்கி அனுப்பியிருக்கிறார்கள்: கண்ணை மூடினால் ஆமாம், மேலே பார்த்தால் இல்லை. "தலவாணி ஏத்தட்டாக்கா? ரேடியோ போடட்டா?" என்று காந்தா எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அம்மா அந்த ஒன்றை மட்டும் கேட்பதில்லை. நானும்தான்.

இன்று அம்மா குளிக்கப் போயிருந்தபோது கேட்டுவிட்டேன். "அக்கா, அன்னிக்கு நீ அடிச்சது... மெஷின் வேண்டாம்னுதானா?"

என்னையே பார்த்தாள். பிறகு கண்ணை மூடினாள்.

அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். "தூங்கிட்டாளா?"

"ஆமாம்மா" என்றேன்.