சொல்லாமல் வெளிக்கிட்ட வீடு

நவம்பர் 6, வியாழன்

மழையும் பனியும் கலந்து கூழாகக் கொட்டுகிறது. அப்பா போய் இன்று இருபத்தோராம் நாள்.

செய்ய வேண்டியவை: பையைப் பிரிக்க. பள்ளிக்கூடத்துக்குப் போன் எடுக்க. பல் வைத்தியர். பண்டாவுக்குப் பதில்.

செய்தது: சோறு, பருப்பு. பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

வலக்கைச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இன்னும் மரத்துத்தான் கிடக்கின்றன. ஆறு மாதம் சைக்கிள் ஹாண்டிலில் பாரம் போட்ட வினை. நரம்பு நசுங்கியிருக்கிறது, தானாகச் சரிவரும் என்றார் டாக்டர். வந்தால் வரட்டும். அழுகையும் இன்னும் வரவில்லை. செத்த வீட்டில் எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒற்றை மகன், ஐம்பத்திரண்டு வயதில் ஆபிரிக்காவில் சைக்கிள் ஓடித் திரிந்தவன், இப்போதாவது அழுவானா என்று. தேவாரம் படித்தார்கள், சுண்ணம் இடித்தார்கள், கடைசியில் தகனசாலையில் ஒரு பொத்தான். அமத்தினேன். பெட்டி உள்ளே போனது. எங்கள் கட்டடத்து லிஃப்டுக்கு அமத்துவது போலத்தான் இருந்தது.

பண்டாவிடமிருந்து இன்னொரு குரல்பதிவு. இதோடு நாலு. ஒன்றும் கேட்கவில்லை.

நவம்பர் 8, சனி

ஒஸ்லோவின் மறுகோடி குரோருட், அக்கா வீடு. டோயனில் ரயில் மாறவேண்டிய இடத்தில் மாறாமல் நகரம்வரை போய்த் திரும்பினேன். முப்பது வருஷமாகப் போய்வருகிற பாதை.

அம்மா போனபிறகு அப்பா அக்காவோடுதான். அவருடைய கதிரையில் இப்போது யாரும் இருப்பதில்லை. அதில் சாப்பாட்டு டப்பாக்கள் அடுக்கியிருக்கிறார்கள். செத்த வீட்டுத் துடக்கு என்று இன்றைக்கும் யாரோ இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கீழ்வீட்டு நோர்வேக்காரி ஒரு பூச்சாடி.

"சாப்பிட்டியே?"

"ஓம்."

"பொய் சொல்லாதை. கருவாடு மாதிரிக் கிடக்கிறாய்."

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மேசையில் போன் அடித்தது. அக்கா பெயரைப் பார்த்தாள்.

"ஆரிது பண்டா? சிங்களவனோ?"

"மலாவிக்காரர். சைக்கிள் திருத்திறவர். நீ அப்பான்ர செய்தி சொல்லேக்கை அவையின்ர வீட்டிலைதான் நிண்டனான்."

"பிறகேன் எடுக்காமல் இருக்கிறாய்?"

அடித்து ஓய்ந்தது. அக்கா சொதியை விட்டாள். "அந்தச் சைக்கிள் அங்கையே கிடந்து கறள் பிடிக்கட்டும். உனக்கு இனி உந்த விசர் வேண்டாம். அப்பா இருந்தவரைக்கும் அவரைப் பாத்தன், இனி உன்னைப் பாக்க ஏலாது."

சரி என்றேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியாது.

நவம்பர் 9, ஞாயிறு

பையைப் பிரித்தேன். உள்ளே:

உடைந்த ஸ்போக்ஸ், பதினொன்று.

ஒரு துண்டு இரும்பு. தான்சானியாவில் பின் கரியர் உடைந்தபோது வைத்து ஒட்டியதில் மிச்சம். ஒட்டியவர் காது கேளாதவர். வேலை முடித்து இரண்டு அவித்த முட்டை தந்து, போ போ என்று கை காட்டினார்.

பச்சைப் போர்வை. உகண்டாவில் செயின் அறுந்த அன்று பொலிஸ் ஸ்டேஷன் வாங்கில் படுக்கவைத்து இதைத் தந்தார்கள். காலையில் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. பொலிஸ்காரர் ஒருவர் போர்வை தந்தார் என்றால் எங்கள் ஆட்கள் நம்பமாட்டார்கள். எனக்கே கொஞ்ச நேரம் நித்திரை வரவில்லை.

மலேரியாக் குளிசை அட்டை, காலி. தபோராவில் மூன்று கிழமை. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி இருவருக்கும் சேர்த்துக் கஞ்சி கொண்டுவந்தார். பெயர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஒரு பொலித்தீன் பையில் நெத்தலி போன்ற சின்னக் கருவாடு. பண்டாவின் மனைவி எஸ்தர் வழிக்கு என்று முதல்நாளே கட்டிவைத்தது. இவ்வளவு நாளாக அறை ஏன் மணத்தது என்று இப்போது தெரிகிறது. எறியவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை மீன் மச்சம் தின்பதும் இல்லை. குளிர்ப்பெட்டியில் வைத்தேன்.

உடுப்பு தோய்க்கும் அறை: செவ்வாய் நாலு மணி, என் முறை. மறக்கக் கூடாது.

நவம்பர் 11, செவ்வாய்

தோய்க்க மறந்தேன்.

எஸ்தரிடமிருந்து செய்தி, எழுத்தில். "மிஸ்டர் குகன், நாங்கள் உங்களுக்கு என்ன பிழை செய்தோம்?"

ஒன்றும் செய்யவில்லை. அதுதான் எழுதமுடியாமல் இருக்கிறது.

நடந்தது இது. மலாவி, ஏரிக்கரை ரோடு, பின் ரிம் வெடித்தது. எட்டுக் கிலோமீட்டர் உருட்டினேன். மாமரத்தடியில் சைக்கிள் திருத்துகிற ஒருவர் ரிம்மைத் தடவிப் பார்த்து, "இது செத்துவிட்டது. புதியது டவுனிலிருந்து வரவேண்டும். அதுவரை நீங்கள் எங்கள் வீட்டில்," என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. அவர்தான் பண்டா. ஆறு நாள் நின்றேன். தங்கள் கட்டிலை எனக்குத் தந்துவிட்டு அவரும் எஸ்தரும் பாயில் படுத்தார்கள். மாக்களியும் கருவாட்டுக் குழம்பும். அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் போகும்போது புருஷனும் மனைவியும் கூடவே நடந்து தார் ரோடுவரை கொண்டுபோய் விடுவார்கள். வந்தவர் கண்ணுக்கு மறையும்வரை நிற்பார்கள். ஏன் என்று கேட்டேன். "பாதிவழி விடாவிட்டால் விரட்டியதாக ஆகும்," என்றார் பண்டா.

ஏழாம் நாள் காலை ரிம் பூட்டியாயிற்று. அக்காவின் போன் வந்தது. நான் முற்றத்தில் இருந்துவிட்டேன். எஸ்தர் குரல் வைத்து அழுதார். அக்கம்பக்கத்துச் சனம் பாயோடு வந்து முற்றத்தில் இருந்தது. காணாத என் அப்பாவுக்காகப் பாடினார்கள். யாரோ ஒரு கிழவர் என் காலடியில் இருந்து என் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மீன் லொறி ஒன்று டவுனுக்குப் போகிறது, ஏற்றுவார்கள் என்றார்கள். நான் எழும்பினேன். சப்பாத்துக் கயிற்றைக் கட்டினேன். சைக்கிளை விட்டுப் பையோடு, ஒருவரிடமும் ஒரு சொல் சொல்லாமல் நடந்து போய் லொறியில் ஏறிவிட்டேன்.

செத்த வீட்டில் "போட்டு வாறன்" என்று விடைபெறக்கூடாது. சின்ன வயதில் அம்மா கையில் நுள்ளிப் பழக்கியது. அந்த முற்றம் எனக்குச் செத்த வீடு. கால் தானாகவே நடந்தது. அவர்களுக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்று லொறியில் ஏறிப் பத்து நிமிஷம் கழித்துத்தான் விளங்கியது. லொறியைத் திருப்பச் சொல்லவில்லை.

நவம்பர் 13, வியாழன்

இருட்டு. எத்தனை மணிக்கு விடிந்தது என்று கவனிக்கவில்லை.

அக்காவின் மகள் அபி வந்தாள், அக்கா கட்டிக்கொடுத்த பிட்டோடு. தாதி வேலைக்குப் படிக்கிறாள், இஞ்சையே பிறந்தவள், கண்டது கேட்கிற வாய். என் போனைக் கையில் எடுத்தாள்.

"ஹேர்ரெகுட், கடவுளே, மாமா. அஞ்சு வொய்ஸ் மெசேஜ். ஒண்டும் கேக்கேல்லையே?"

"பிறகு கேப்பன்."

"இப்ப கேளுங்கோ. நான் இருக்கிறன்."

கேட்டோம். பண்டாவும் எஸ்தரும் பேசுவது பள்ளிக்கூட இங்கிலீஷ்தான். முதலாவது, ஊர் சேர்ந்தீர்களா. இரண்டாவது, சேர்ச்சில் உங்கள் அப்பாவுக்காகக் கும்பிட்டோம், பெயர் தெரியாததால் குகனின் அப்பா என்று சொன்னோம். மூன்றாவதில் சேவல் கூவுகிறது, சைக்கிளைத் துடைத்து எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

நாலாவது இறங்கிய குரலில். "ஊரில் ஒரு கதை நடக்கிறது. பண்டா வெளிநாட்டுக்காரரின் சைக்கிளை வைத்துக்கொண்டு, தகப்பன் செத்த மனுஷனை விரட்டிவிட்டான் என்கிறார்கள். திருத்த வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். எனக்கு அது பெரிதில்லை. நீங்கள் கோபமா என்று மட்டும் சொல்லுங்கள்."

ஐந்தாவது எஸ்தர். "நல்ல துணி உடுத்திக்கொண்டு உங்களைக் கொண்டுவந்து விடத்தான் உள்ளே போனேன். வெளியே வந்தால் நீங்கள் இல்லை."

அபி அழுதாள். அவளுக்கு இலகுவாக வருகிறது. நான் பிட்டைச் சாப்பிட்டேன்.

"மாமா, அவை பாவம். ஒரு வசனம் அனுப்புங்கோவன்."

"அந்தியேட்டி முடியட்டும்."

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

ஒன்றுமில்லை. ஒரு சாட்டு.

நவம்பர் 14, வெள்ளி

ஹவுகெட்டோப் பக்கம் நான் வேலை செய்கிற பள்ளிக்கூடம். வக்ட்மெஸ்டர் வேலை: பூட்டு, குழாய், பனி அள்ளுதல். ஒரு வருஷ லீவில் இன்னும் நாலு மாதம் மிச்சம். முந்தி வருகிறாயா என்று அதிபர் போனில் கேட்டார். திங்கள் கழிய வருகிறேன் என்றேன். சும்மா இருந்து என்ன.

பூமிப்பந்தில் ஆபிரிக்காவைப் பார்த்தாலே அப்பா சிரிப்பார். "சைக்கிளிலை போறதெண்டால் கச்சேரிக்கு வேலைக்குப் போகலாம். உது என்ன கூத்து." தடுக்கவில்லை. எத்தனை தரம் குரோருட்டுக்குப் போய்த் திரும்பினாலும் பொல்லை ஊன்றிக்கொண்டு ஸ்டேஷன்வரை வருவார். மைனஸ் பத்திலும் வருவார். ரயில் வெளிக்கிடும்வரை நிற்பார், ஒன்றும் கதைக்கமாட்டார். பண்டா வீட்டு வழக்கம் எனக்குப் புதிதாகப் பட்டதே, எப்படியென்று தெரியவில்லை.

மார்ச் கடைசியில் பயணம் போன அன்று நிழல்பக்கம் இன்னும் ஐஸ். "வராதேங்கோ அப்பா, வழுக்கும்" என்றேன். நின்றுவிட்டார்.

நவம்பர் 16, ஞாயிறு

அந்தியேட்டி. மைனஸ் ஆறு. கடற்கரையில் ஐயர் வேட்டிக்கு மேலே பஞ்சு ஜாக்கெட். சாம்பல் கரைக்க அனுமதிக் கடிதம் அத்தானின் பையில். தண்ணீரில் கால் வைத்ததும் கால் இருக்கிற உணர்வே போய்விட்டது. சாம்பல் எதிர்பார்த்ததைவிடப் பாரம். காற்று எங்கள் பக்கம். கொஞ்சம் என் கையுறையில் ஒட்டியது. தட்டவில்லை.

மத்தியானம் படையல். அப்பாவுக்குப் பிடித்தவை: மரவள்ளிக் கறி, வாழைக்காய்ப் பொரியல், உளுந்து வடை, நோர்வே பழுப்புச் சீஸ் நாலு துண்டு. ஐயர் சீஸைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "அவர் இரவிலை ஒளிச்சுத் தின்னுறவர்," என்றாள் அக்கா. மந்திரம் தொடர்ந்தது.

கை கழுவுகிற இடத்தில் அக்கா சொன்னாள், "நீ வெளிக்கிட்ட அண்டு அப்பா பல்கனியிலை நிண்டவர், தெரியுமே? நீ திரும்பிப் பாப்பாய் எண்டு. நான்தான் இழுத்துக்கொண்டு வந்தனான், குளிருது எண்டு."

தெரியாது என்றேன்.

தெரியும். முதுகில் தெரிந்தது. திரும்பினால் போகமாட்டேன் என்று திரும்பாமல் போனேன்.

நவம்பர் 17, திங்கள்

காலை எட்டேகால். வெளியே மங்கல். அங்கே ஒன்பதேகால், நல்ல வெயிலாக இருக்கும். சொல்ல வேண்டியதை மூன்று வசனமாகக் கடதாசித் துண்டில் எழுதி வைத்துக்கொண்டு எடுத்தேன். முதல் மணியிலேயே பண்டா.

வாசித்தேன். எங்கள் சனத்தில் செத்த வீட்டிலிருந்து போகும்போது விடைபெறக்கூடாது. உங்கள் முற்றம் என் அப்பாவின் செத்த வீடு ஆனது. கோபமில்லை, நீங்கள் செய்ததை என் சொந்தக்காரர்களும் செய்யமாட்டார்கள். இந்தக் கடைசிப் பகுதி துண்டில் இல்லை.

பிறகு பண்டா தன் பாஷையில் உரக்க யாரையோ கூப்பிட்டார். இன்னொரு குரல், பிறகு பல குரல். எஸ்தர் எதையோ இரண்டு தரம் கேட்டார்.

"பொறுங்கள், எஸ்தர் உடுப்பு மாற்றுகிறார்," என்றார் பண்டா.

"ஏன்?"

"உங்களைக் கொண்டுபோய் விட. எழும்புங்கள்."

"நான் வீட்டில் இருக்கிறேன், பண்டா. ஒஸ்லோவில்."

"இருக்கிறவரை எப்படிக் கொண்டுபோய் விடுவது? நடங்கள்."

ஜாக்கெட்டைப் போட்டேன். லிஃப்டில் சிக்னல் போய்விடும் என்று ஒன்பது மாடியும் படியால் இறங்கினேன். அங்கே வெளிக்கிட்டுவிட்டார்கள், செருப்புச் சத்தம் கேட்டது. பண்டா சொல்லிக்கொண்டே வந்தார். இது மாமரம். இது தண்ணீர்ப் பம்பு, ஆட்கள் நிற்கிறார்கள், அவர்களும் வருகிறார்கள். கதை கட்டியவரும் வருகிறார், அவரை முன்னுக்கு நடக்க விட்டிருக்கிறேன். நான் சொன்னேன், இது குப்பைத் தொட்டி, இது ட்வெய்ட்டாக் கடைத்தொகுதி, இன்னும் திறக்கவில்லை. வழுக்குகிறதா என்று கேட்டார். கல் போட்டிருக்கிறார்கள் என்றேன்.

"தார் ரோடு வந்துவிட்டது. இதற்கு மேல் நாங்கள் வரமாட்டோம்."

"நானும் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்."

"அப்படியென்றால் சொல்லுங்கள்."

தமிழில்தான் வந்தது. போட்டு வாறன். என்ன அர்த்தம் என்றார். போய்விட்டு வருவேன் என்று அர்த்தம் என்றேன். அவர் அதை எல்லாருக்கும் சொன்னார். எஸ்தர், "மழை முடியட்டும், சைக்கிள் நிற்கிறது," என்றார்.

"போங்கள் இனி. மறையும்வரை நிற்போம்."

போனில் எப்படி மறைவது? வைக்கவேண்டும். பெருவிரலைப் பொத்தானுக்கு மேலே கொண்டுபோனேன். அங்கே ஒரு லொறி போனது, யாரோ இருமினார்கள், ஒருவரும் கதைக்கவில்லை. அப்பாவும் இப்படித்தான் ஒன்றும் கதைக்காமல் நின்றிருப்பார். அழுகை வந்தது. வேலைக்குப் போகிற சனம் விலகிப் போனது. ஒரு நோர்வேக் கிழவர் மட்டும் பக்கத்தில் வந்தார், தன் ரயிலை விட்டுவிட்டு நின்றார்.

மூன்று ரயில் போனது. நான் வைக்கவில்லை. அவர்களும் போகவில்லை.