அத்தா பிடித்த வெளிச்சம்

தேனாம்பேட்டை,
வெள்ளிக்கிழமை.

அன்புத் தம்பி யாசிருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மெல்போர்னில் நீயும் தமிழ்நிலாவும் குழந்தை சாய்மாவும் சுகமாக இருக்க அல்லாஹ் துணை நிற்பானாக. இதோடு நம் அம்மாவின் படம் ஒன்று வருகிறது. உறையை மடக்காமல் பிரி. போனிலேயே அனுப்பியிருப்பேன். அம்மாதான், “காயிதத்துல போட்டு அனுப்பு, புள்ள கையில வச்சுப் பார்க்கட்டும்” என்றார்.

அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்கு இனி நாங்கள் அலைய வேண்டியதில்லை. ஊசி மருந்தை நிறுத்திவிட்டார்கள். வலிக்கு மட்டும் மாத்திரை. பிடித்ததைச் சாப்பிடக் கொடுங்கள் என்றார் டாக்டர். அம்மா ஆட்டுக்கால் பாயா கேட்டார், வைத்துக் கொடுத்தேன். இரண்டு கரண்டியோடு போதும் என்றுவிட்டார்.

படம் எடுக்கச் சொன்னதும் அம்மாதான். கல்யாண ஆல்பங்களில்கூட முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டவர். “சாய்மாவுக்கு என் முகம் தெரியணுமில்ல” என்றார்.

பிளாஷ் இல்லாமல் எடுப்பதுதான் என் வழக்கம், உனக்குத் தெரியும். அம்மாவுக்கும் இப்போது அதுதான் தோது. பளிச்சென்று எது பட்டாலும் கண்ணில் நீர் கொட்டுகிறது. காலையில் கூடத்து ஜன்னலோரம் உட்கார வைத்து, அத்தாவின் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினேன். ஜன்னல் பக்கத்துக் கன்னம் அழகாக வந்தது. மறுபக்கம் ஒரே இருட்டு. ஒட்டிய கன்னமும் கண்ணுக்குக் கீழே விழுந்த குழியும் இன்னும் ஆழமாகத் தெரிந்தன. அந்தப் பக்கம் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை வைத்தால் ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி முகத்தில் விழும். நாற்காலியில் சாய்த்து வைத்தேன், மின்விசிறிக் காற்றில் விழுந்தது. விசிறியை நிறுத்தினால் அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது.

அத்தா உள்ளறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். படம் யாருக்கென்று அவருக்குத் தெரியும். நீ தமிழ்நிலாவைக் கட்டிக்கொண்ட பிறகு, பெற்ற பிள்ளை உன் பெயரை அவர் வாயால் நான் கேட்டதில்லை. உன்னோடு வீடியோவில் பேசினால் எழுந்து போய்விடுவார். அதனால் கூப்பிடவில்லை.

அட்டை மறுபடி விழுந்த சத்தத்தில் அவராகவே வந்தார். “இன்னா, புடிக்க ஆளு இல்லியா? குடு இங்க” என்று வாங்கிக்கொண்டார். தோளளவு தூக்கச் சொன்னேன், கொஞ்சம் சாய்க்கச் சொன்னேன். சொன்னபடி செய்தார். போகப் போக அட்டை ஆடியது. அம்மா முகத்தில் வெளிச்சமும் கூடவே அசைந்தது. அம்மா கேமராவைப் பார்க்காமல் அத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தார். “கை வலிக்கப் போவுது, உக்காருங்க” என்றார்.

அத்தா உட்காரவில்லை. “என்னிய இன்னாத்துக்குப் பாக்கற? கேமராவப் பாரு. அவன் பாக்கறப்போ, அவனப் பாக்கற மாதிரி இருக்கணும்” என்றார்.

எனக்குக் கண் மறைத்துவிட்டது. அப்படியே விரலை அழுத்தினேன். உன் கையில் இருப்பது அந்தப் படம்தான். கன்னத்துக் குழியைக் கம்ப்யூட்டரில் சரிசெய்யட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். வேண்டாம், இருக்கிறபடியே பார்க்கட்டும் என்றார்.

அன்று மாலை அஸர் தொழுகைக்குக் கிளம்பிய அத்தா வாசலில் நின்று, “அங்க இப்ப குளுரா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “புள்ளைக்குச் சளி புடிச்சிக்கப் போவுது” என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கிப் போனார்.

லீவு கிடைப்பது கஷ்டம் என்று போன வாரம் சொன்னாய். புரிகிறது. ஆனாலும் கேட்டுப் பார். வந்தால் மூன்று பேருமாக வாருங்கள். தமிழ்நிலா தயங்கினால் நான் கூப்பிட்டதாகச் சொல். கதவை அத்தா திறந்தால் பின்வாங்கி நிற்காதே. நீ முந்திக்கொண்டு சலாம் சொல், அவர் பதில் சொல்வார்.

உங்கள் பயணத்தை அல்லாஹ் லேசாக்கி, அம்மா விழித்திருக்கும் நேரமாகப் பார்த்து உங்களைக் கொண்டுவந்து சேர்ப்பானாக.

உன் அக்கா,
வஜீஹா