நிஜாம் துப்பறிந்த சட்டை

அன்புள்ள ஷிரினுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம், சாப்பாட்டுக்கும் குறையில்லை. உம்மாவின் முட்டுவலியும் பிள்ளை அஃப்னாவின் சளியும் தேவலையா?

நீ தைத்து அனுப்பிய சட்டை கிடைத்தது. அதை வைத்து ரூமில் ஒரு கூத்து நடந்தது. வெள்ளிதோறும் ஜும்ஆ முடிந்து வந்ததும் டிவியில் ஒரு தொடர் பார்ப்போம். விக்டோரியா ராணி காலத்து லண்டனில் ஒரு போலீஸ்காரர், கிழிந்த பூட்ஸைப் பார்த்தே அதைப் போட்டவனின் முழுக் கதையையும் சொல்லிவிடுவார். அதைப் பார்த்துப் பார்த்து பக்கத்துக் கட்டில் நிஜாமும் துப்பறிய ஆரம்பித்துவிட்டான். புதுச் சட்டையோடு தொடர் பார்க்க உட்கார்ந்தவனை எழுப்பி நிறுத்தி, சுற்றிச் சுற்றி வந்தான்.

“பாய், இது உங்க சட்டையே இல்ல. மதினி வேற யாருக்கோ தச்சது மாறி வந்திருக்கு. கேஸ் கலாஸ்” என்றான். ரூமே சிரித்தது.

என்ன பேச்சு இது? டேப் பிடிக்காமலே எனக்குத் தைப்பவள் நீ. உன் கை தப்பு செய்யுமா? “என் பொண்டாட்டிக்கு என் அளவு தெரியாதாடா?” என்று கத்தி, டிவியை அணைத்து ரிமோட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கொலைகாரன் யாரென்று இன்றுவரை எவனுக்கும் தெரியாது. அன்றிலிருந்து யாரும் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

லீவில் வரும் ஈசா காக்காவிடம் இதைக் கொடுக்கிறேன். டாக்ஸி வந்துவிட்டது, அவசரப்படுத்துகிறார். அடுத்த சட்டை தைத்தால் மார்பில் நாலு விரல் குறைத்துவிடு. உம்மாவிடம் சொல்லாதே.

உன்
சாதிக் பாட்ஷா
கராமா, துபாய்