சிவப்புக் காந்தம்

பிரிக்பீல்ட்ஸ்,
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பி வாசுவுக்கு,

ஜோகூரில் உன் அக்கா வீட்டில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? நம் டீம் வாணியிடம்தான் முகவரி வாங்கினேன், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஆபீஸ் சுவரில், வேலைக்கு ஓர் அட்டை என்று ஒட்டிவைக்கும் நம் கன்பான் பலகை அப்படியே இருக்கிறது. 'நடப்பது' பத்தியில் மூன்று அட்டைக்கு மேல் கூடாது என்ற என் சட்டமும் இருக்கிறது. உன்னைப் பத்து நாள் படுத்திய அந்த லாகின் கோளாறைக் கிஷனும் வாணியும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே மதியத்தில் சரிசெய்துவிட்டார்கள். ஒரே மதியம், வாசு. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு அட்டை நகராவிட்டால் அதன்மேல் சிவப்புக் காந்தம் வைக்க வேண்டும், பார்த்தவர்கள் கைவேலையை விட்டு உதவிக்கு வர வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவளே நான்தான். அந்த லாகின் அட்டைமேல் நீயும் வைத்தாய். ஷா ஆலம் தலைமை ஆபீஸிலிருந்து பெரியவர்கள் பலகையைப் பார்க்க வருகிறார்கள் என்று அதை எடுத்து என் டிராயரில் போட்டேன். பலகை சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். நீ பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

மறுநாள், கிள்ளான் ஆஸ்பத்திரியில் அம்மாவுடன் இருக்க இரண்டு நாள் லீவு கேட்டாய். காத்திருக்கும் நேரமெல்லாம் வீண் என்று வேலைமுறைப் புத்தகங்களில் படித்துப் படித்து என் புத்தியே அப்படி ஆகிவிட்டது. "அங்க சும்மா உட்கார்ந்து என்னா செய்யப் போற? கார்ட முடிச்சிட்டுப் போ லா" என்றேன். "சரிக்கா" என்று போய் உட்கார்ந்தாய். அன்று சாயங்காலம் வேலை விட்டு நீ ஹைவே நெரிசலில் இருக்கும்போதே உன் அம்மா இராஜம்மா போய்விட்டார்கள். அந்தக் காந்தத்தை நான் எடுக்காமல் இருந்திருந்தால் நீ அம்மா பக்கத்தில் இருந்திருப்பாய்.

பதினாறாம் நாள் காரியத்தில் நீயே எனக்கு இலை போட்டு, "சாப்பிட்டுப் போங்கக்கா" என்றாய். அதற்குப் பதில் என்னை வாசலிலேயே நிறுத்தியிருக்கலாம்.

வேலைக்குத் திரும்பி வா என்று கேட்கவில்லை. அந்த வாய் எனக்கில்லை. நான் செய்ததைப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டேன். பரவாயில்லை என்றார்கள். அதை அவர்கள் சொல்லக்கூடாது, தம்பி. நீதான் சொல்ல வேண்டும். மாட்டேன் என்றாலும் உன் வாயால் சொல். என்னைத் திட்டவாவது ஒருமுறை போன் செய்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

அக்கா என்று எழுதக் கை கூசும்,
புனிதா