புது வண்டியின் பின்வளையம்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே ஒருவனைச் சட்டையைப் பிடித்து, அவன் வண்டியின் முன்மூடி மீதே மல்லாக்கச் சாய்த்துவிட்டேன். பொத்தான் இரண்டு தெறித்துச் சாக்கடையில் விழுந்தது. அவன் பெரிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. என் பட்டறையில் நின்றுகொண்டு, "நாலாவது தலைமுறை வந்துடுச்சுக்கா. இனிமே உங்க பழசையெல்லாம் பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதுதான்" என்றான். மெக்கானிக்குகள் இரண்டு பேர் சேர்ந்து என்னைப் பிரித்து எடுத்தார்கள்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பள்ளிக்கூட வாத்தியார். பிரம்பைத் தொடாத வாத்தியார். "காசு குடுத்து அடி வாங்கிட்டுப் போற ஆளுங்கள உன் பட்டறையிலதான் பாக்குறேன்" என்றார்.

இருபத்திரண்டு வருஷமாக இந்த ஒரே வண்டியைத்தான் பிரித்துப் பூட்டுகிறேன். காடு, கல், சேறு என்று எங்கே விட்டாலும் ஏறும் வண்டி. முதல் தலைமுறை வெறும் இரும்புப் பெட்டி. ஸ்டியரிங்கைத் திருப்பினால் தோள்பட்டை கழன்றுவிடும். இரண்டாவது என்னுடையது. மூன்றாவதில் பட்டை ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுச் சுருள் ஸ்பிரிங் வைத்தார்கள். அப்போதும் நான் இப்படித்தான் குதித்தேன் என்கிறார் வாத்தியார். அது வேறு, இது வேறு.

மார்ச் 7, வெள்ளி

தம்பி அந்தப் புது வண்டியையே பட்டறைக்குக் கொண்டுவந்துவிட்டான். கம்பெனியின் காட்சிக்கூடத்தில் விற்பனை அவன் பொறுப்பு. சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. முகம் மட்டும் பழைய வண்டி மாதிரி, வட்ட விளக்கு, சதுர மூக்கு. உள்ளே போனால் கல்யாண மண்டபம். இத்தனை பெரிய திரை. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்க ஒரு சின்னக் கம்பியைக் கையால் தள்ளுவோமே, அதைப் பிடுங்கிவிட்டு ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். முன்னச்சு ஒரே இரும்புத் தண்டாக இருந்தது. இப்போது இரண்டு பக்கமும் தனித்தனி. பக்கத்துப் பலகையைத் தட்டினால் பக்கெட்டைத் தட்டுகிற சத்தம். வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"நல்லா இல்லேன்னா திட்டுக்கா. ஆனா ஓட்டிப் பாத்துட்டுத் திட்டு. ஓட்டாம திட்டுறவங்கள உனக்கே பிடிக்காது" என்றான்.

அது உண்மை. அதனால்தான் இன்னும் கோபம் வந்தது. கையில் இருந்த ஸ்பானரை எறிந்தேன். அவன்மேல் எறியவில்லை, வண்டிமேல்தான் எறிந்தேன். அவன் குறுக்கே வந்தான். வலது தோளில் பட்டுச் சட்டை முழுக்க ரத்தம். வண்டிமேல் ஒரு கீறல்கூட இல்லை.

துணி வைத்து அழுத்திக்கொண்டே கிளம்பினான். போகும்போது, "பதினாறாம் தேதி குவாரிக்கு வா" என்றான். இந்த வண்டி வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் மன்றத்தில் நாற்பது பேர். வண்டி வாங்கும் முன் எல்லோரும் கேட்கும் கேள்வி, அக்கா என்ன சொல்றாங்க என்பதுதான். தலைமுறைக்கு ஒன்றாக நான்கையும் குவாரியில் ஓட்டிப் பார்த்து நான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

தோளில் ஐந்து தையலாம். தம்பி பொண்டாட்டி போனில் சொன்னாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வலி குறைந்ததா என்று மட்டும் கேட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

மன்றத் தலைவனுக்கு ஒட்டகம் என்று பெயர். கழுத்து அவ்வளவு நீளம். லாரி வைத்திருக்கிறான். புது வண்டிக்கு முன்பதிவு செய்த ஒரு பல் டாக்டரை இன்று மன்றக் கூட்டத்தில் கன்னத்தில் அறைந்துவிட்டான். "பல்லு போனா நீயே கட்டிக்கோ" என்று சொல்லி அடித்தான். எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

எழுத வரவில்லை.

மார்ச் 17, திங்கள்

எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் வெடித்துவிடுவேன்.

முதலில் நான் புது வண்டியை எடுத்தேன். கல்படிக்கட்டு மாதிரி ஒரு மேடு இருக்கிறது. என் இரண்டாவது தலைமுறையில் மூன்று முறை முட்டி மோதித்தான் ஏறுவேன். இது ஒரே மூச்சில் ஏறியது. சக்கரம் ஒவ்வொன்றும் கல்லைத் தனித்தனியாகத் தடவிப் பார்த்து ஏறியது. ஸ்டியரிங் உதறவில்லை, முதுகு வலிக்கவில்லை. நல்ல வண்டி. ஏறி நின்ற அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. கீழே நாற்பது பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டேன்.

என் வண்டியைத் தம்பி ஓட்டி வந்தான். சேற்றுப் பள்ளத்தின் விளிம்பில் சறுக்கியது. சட்டென்று எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். திருப்ப அவனால் முடியவில்லை. அந்தத் தோளோடு அந்த ஸ்டியரிங்கை எவனால் திருப்ப முடியும்? நேற்று அது என் மண்டையில் ஏறவில்லை. "விக்கத்தான் தெரியும், ஓட்டத் தெரியுமா" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். வண்டி அச்சு வரை புதைந்தது.

புது வண்டியைப் பின்னோக்கி எடுத்து, புதைந்த வண்டிக்கு முன்னால் நிறுத்தி, இழுக்கும் பட்டையை எடுத்தேன். மூன்று தலைமுறையிலும் இழுவை வளையம் ஒரே இடத்தில்தான், பின் பம்பருக்குக் கீழே வலப்பக்கம். கை தானாகப் போனது. அங்கே ஒரு வளையமும் இருந்தது. மாட்டினேன். பட்டையின் மறுமுனை என் வண்டியின் முன்கொக்கியில்.

தம்பி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினான். "அக்கா, அதுல மாட்டாத. அது லாரில ஏத்திக் கட்டுறதுக்கு. இழுக்குற கொக்கி தனியா இருக்கு, மூடிய தொறந்து திருகி மாட்டணும்."

எனக்கு எவன் பாடம் எடுப்பது? வண்டியில் ஏறிக் கதவை அறைந்தேன். மிதித்தேன். பழைய வண்டிக்கு மிதிப்பது போல முழுதாக மிதித்தேன். இதற்கு அதைப் போல இரண்டு பங்கு பலம்.

துப்பாக்கி மாதிரி ஒரு சத்தம். திரும்பினால் பட்டை பாம்பாகப் பின்னால் பறந்துகொண்டிருந்தது, நுனியில் பிய்ந்த வளையத்தோடு. என் வண்டியின் கண்ணாடி உள்ளே நொறுங்கியது. சேற்றில் விழுந்து எழுந்து ஓடினேன். தம்பி ஸ்டியரிங்மேல் கிடந்தான். நிமிர்த்தினேன். இடது பக்கம் முகமே இல்லை, ரத்தமும் கண்ணாடித் தூளும்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, லைட்டப் போடு" என்றான். உச்சி வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

இடது கண் போய்விட்டது. வலது கண் தப்பிவிட்டது. தாடை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது.

போலீஸ் எழுத்தர் கேட்டார், "உங்க தம்பி எச்சரிக்கை பண்ணினாரா?" காதில் விழவில்லை என்று சொன்னேன்.

விழுந்தது. ஒவ்வொரு சொல்லும் விழுந்தது.

மார்ச் 19, புதன்

மன்றத்தில் எனக்கு ஒரே புகழ். பிய்ந்த வளையத்தின் படத்தை ஊரெல்லாம் அனுப்புகிறார்கள். புது வண்டி தகரம், அக்கா சொன்னது நடந்துவிட்டது. பல் டாக்டர் முன்பதிவை ரத்து செய்துவிட்டாராம். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது இவ்வளவு சுலபமா?

மார்ச் 22, சனி

புது வண்டி இன்னும் குவாரியிலேயே கிடந்தது. ஒட்டகமும் ஏழெட்டுப் பேரும் கடப்பாரையோடு போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். போனேன். ஏன் போனேன்? எதையாவது அடித்தே ஆக வேண்டும் போல இருந்தது.

சம்மட்டியை வாங்கி முதலில் விளக்கை உடைத்தேன். பிறகு திரை. பிறகு கதவு. ஒவ்வொரு அடிக்கும் கை தட்டினார்கள். "தம்பிக்காக இன்னொண்ணுக்கா" என்றான் ஒட்டகம். பின்பக்கம் வந்தேன். பம்பரை அடிக்க ஓங்கியபோது, பிய்ந்துபோன இடத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவு ஒரு ஒட்டுப்படம். வளையத்தில் கயிறு கட்டி ஒரு வண்டி இன்னொன்றை இழுக்கிறது. மேலே குறுக்கே சிவப்புக் கோடு. படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும்.

சம்மட்டியைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அவர்கள் என்னைத் தேடவில்லை. அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

மார்ச் 24, திங்கள்

கம்பெனி தம்பியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. ஓட்டியவருக்குச் சொல்லித் தராதது அவன் தப்பாம்.

தம்பி பொண்டாட்டி ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னை மடக்கினாள். "அவரு எழுதிக் காட்டுறாரு அண்ணி. எஞ்சின் சத்தத்துல அக்காவுக்குக் கேட்டிருக்காதுன்னு. நீங்க சொல்லுங்க, கேக்கலையா?"

மருந்து வாங்கப் போகிறேன் என்று நழுவிவிட்டேன். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், அவனால் பேச முடியாது. அப்படியிருந்தும் எனக்காக எழுதிக் காட்டியிருக்கிறான்.

ஏப்ரல் 2, புதன்

வாத்தியாரிடம் சொல்லிவிட்டேன். கிண்டல் பண்ணுவார் என்று நினைத்தேன். எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "வா, ஸ்டேஷனுக்குப் போலாம். நான் வெளிய உக்காந்திருக்கேன்" என்றார்.

முழுக்க எழுதிக் கொடுத்தேன். அவன் சொன்னான், எனக்குக் கேட்டது, வேண்டுமென்றே கேட்காதவள் மாதிரி இருந்தேன். வழக்கு என்மேல். கம்பெனிக்கும் ஒரு பிரதி கொடுத்தேன்.

ஏப்ரல் 5, சனி

மன்றத்திலும் போய்ச் சொன்னேன். வளையம் தகரம் இல்லை, தப்பு என்னுடையது. கூடவே, ஓட்டிப் பார்த்தவள் என்ற முறையில் தீர்ப்பும் சொன்னேன். இந்த நாலாவது, முன்னே வந்த மூன்றையும்விட நல்ல வண்டி. ஏறுகிறது, இறங்குகிறது, ஆளைக் கொல்வதில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை என்பது என் பிரச்சினை.

ஒட்டகம் முகத்திலேயே குத்தினான். "எங்கள நாய் மாதிரி குலைக்க வெச்சிட்டு இப்ப வந்து நடிக்கிறியா?" கீழே விழுந்தபோது நாற்காலி விளிம்பில் வாய் பட்டு ஒரு பல் விழுந்தது. எழுந்தேன். கையை ஓங்கவும் செய்தேன். அப்புறம் இறக்கிவிட்டு வெளியே வந்துவிட்டேன். மாலைக்குள் பட்டறைக் கண்ணாடி ஒன்றுவிடாமல் உடைந்திருந்தது.

பல் டாக்டரிடம்தான் போனேன். மரத்துப்போகும் ஊசியைக் கொஞ்சம் குறைவாகப் போட்டார் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

தம்பிக்குத் தாடைக் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். போனேன். போலீஸில் கொடுத்ததை அவனிடம் சொன்னேன்.

"கேட்டுச்சா?" என்றான்.

"கேட்டுச்சுடா."

பக்கத்தில் இருந்த எவர்சில்வர் சொம்பை எடுத்து எறிந்தான். ஒற்றைக் கண்ணால் குறி பார்க்க வரவில்லை. சுவரில் பட்டது. மருந்துப் புட்டி, ட்ரே, கையில் கிடைத்ததையெல்லாம் எறிந்தான். ஒன்றுகூட என்மேல் படவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் முடியவில்லை. "இனிமே வராத" என்றான். ஒரு சொல்கூடக் கத்தவில்லை.

மே 6, செவ்வாய்

அவனை மறுபடி வேலையில் எடுத்துக்கொண்டார்களாம். தம்பி பொண்டாட்டி வாத்தியாரிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு யாரும் போன் செய்யவில்லை. பட்டறையில் வேலை பாதிகூட இல்லை.

ஜூன் 12, வியாழன்

இன்று வழக்கின் முதல் விசாரணை. வாத்தியாருக்குப் பள்ளியில் சேர்க்கை வேலை. தனியாக பஸ்ஸில் போகலாம் என்று கிளம்பிக்கொண்டிருந்தேன்.

வாசலில் ஹாரன். நாலாவது தலைமுறை, கம்பெனி வண்டி. தம்பி ஓட்டி வந்திருந்தான். இடது கண்மேல் கறுப்புத் துணி. டாக்டர் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம், அதை என்னிடம் சொல்லவில்லை, கண்ணாடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அறுபத்திரண்டு நாள் கழித்து அவன் முகத்தைப் பார்க்கிறேன்.

"ஏறு" என்றான்.

நீதிமன்றத்துக்குப் பின்னால் ஒரு சந்து. இடது பக்கம் கல் சுவர், வலது பக்கம் நிறுத்திவைத்த லாரி. வண்டியை நிறுத்தினான். இடது பக்கச் சுவர் எவ்வளவு தூரம் என்று திரையில் படமே ஓடிக்கொண்டிருந்தது, பச்சைக் கோடு, மஞ்சள் கோடு எல்லாம் போட்டு. அவன் அதைப் பார்க்கவில்லை.

"லெப்ட்ல எவ்ளோக்கா இருக்கு?" என்று கேட்டான்.

ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன்.

"ஒரு சாண் இருக்கு. நேரா வா."

வந்தான்.